மாட்டாஸ்பத்திரி டாக்டரும் ஒரு வெனிஸ் காசும்

என் பெயரில் ஒரு ‘எச்’ தொலைந்துபோய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. செந்தாமரை என்று தமிழில் எழுதினால் எந்த வம்பும் இல்லை. ஆங்கிலத்தில் ‘டி’க்குப் பக்கத்தில் ஒரு ‘எச்’ போட்டால்தான் தாமரை, போடாவிட்டால் டாமரை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பிய நேரத்தில் யாரோ அந்த எழுத்தை விழுங்கிவிட்டார்கள். நானும் கவனிக்கவில்லை, அப்பாவும் கவனிக்கவில்லை, மார்க்கை மட்டும்தான் பார்த்தோம். ஆதாரில் சரியாக இருக்கிறது, பேங்க் புத்தகத்தில் சரியாக இருக்கிறது, பான் கார்டில்கூட இருக்கிறது. போன வருஷம் ஒரு சான்றிதழ் விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் இரண்டு காகிதத்தையும் ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒரே ஆளுன்னு நாங்க எப்படிம்மா நம்புறது? கெஜட்ல போட்டுட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

கெஜட் என்ற சொல் நம் ஊரில் வளர்ந்த யாருக்கும் புதிதில்லை. பன்னிரண்டாவது முடித்து கல்லூரிக்கு விண்ணப்பம் போட்ட சமயம், எல்லாச் சான்றிதழிலும் மூன்று நகல் எடுத்து, ‘கெஜட்டட் ஆபீசர்’ ஒருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் லீவில் போயிருந்தார். பெரியாஸ்பத்திரியில் கூட்டம். அப்பா என்னை டிவிஎஸ் ஐம்பதில் பின்னால் உட்கார வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே டாக்டர் தோள்வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் நின்ற பசுவின் பின்பக்கம் ஒரு கையை முழுசாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். “இருங்க சார், வந்துடுறேன்” என்றார், ஏதோ காப்பி குடித்துக்கொண்டிருப்பவர் சொல்கிற மாதிரி. அப்புறம் உறையைக் கழற்றிப் போட்டு, குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டைப் பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்து, அசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மடமடவென்று பன்னிரண்டு கையெழுத்து. மணிக்கட்டிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மாற்றுச் சான்றிதழ் நகலின் மேல் விழுந்து பச்சை மை வாழையிலை மாதிரி விரிந்தது. கல்லூரியில் அதைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பச்சை மை இருக்கிறது, முத்திரை இருக்கிறது, போதும்.

“கெஜட்டட்னா என்னப்பா?” என்று வரும் வழியில் கேட்டேன். “அவரு பேரு கெஜட்ல வந்திருக்கும்.” “கெஜட்னா?” அப்பா வண்டிச் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

போன வருஷம் கவுண்டர்க்காரர் சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி திரும்ப வந்தது. அகராதியைத் திறந்தால் அது லத்தீனும் இல்லை, லண்டனும் இல்லை. இத்தாலி, அதிலும் வெனிஸ். ஒரு காசின் பெயர்.

வெனிஸ் குடியரசு 1530களின் கடைசியில் ஒரு சின்ன நாணயம் அடித்தது. வெள்ளி கொஞ்சம், செம்பு நிறைய. இரண்டு சோல்தோ மதிப்பு. நம் பழைய காலணா, அரையணா வகையறா. வெனிஸ்காரர்கள் வாயில் அது ‘கஸெத்தா’. என்ன மதிப்பு என்று தெரிய வேண்டுமானால், 1606இல் ஆங்கில நாடகாசிரியர் பென் ஜான்சன் வெனிஸை வைத்து எழுதிய ‘வோல்போனி’ நாடகத்தில் ஓர் இடம் இருக்கிறது. தெருவில் மருந்து விற்கிற வாய்ப்பந்தல்காரன் கூட்டத்தைக் கூட்டி ஏகப்பட்ட வசனம் பேசுகிறான். பக்கத்தில் நிற்கிற ஆங்கிலேயன், மூன்று நான்கு கஸெத்தா தேற்றுவதற்கா இந்தப் பாடு, மொத்தமே மூன்று பென்னிதானே ஆகும் என்று அலுத்துக்கொள்கிறான். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் லேகியம் விற்பவரைச் சுற்றி நின்றவர்களுக்கு அந்தக் காட்சி உடனே புரியும்.

சரி, காசு எப்படிக் காகிதம் ஆனது? அந்தக் காலத்து வெனிஸில் செய்தி என்பது சரக்கு. மிளகும் பட்டும் எந்த அளவுக்குச் சரக்கோ அந்த அளவுக்கு. 1501இல் போர்த்துகீசியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி நம் மலபார்க் கரைக்குப் போய் மிளகோடு லிஸ்பனுக்குத் திரும்பிவிட்டன என்ற சேதி வந்தபோது, வெனிஸ் வங்கிக்காரர் ஜிரோலாமோ பிரியூலி தன் நாட்குறிப்பில், இதைவிட மோசமான செய்தி இந்த நகரத்துக்கு வர முடியாது என்ற தொனியில் புலம்பி வைத்திருக்கிறார். அதுவரை அலெக்சாந்திரியா வழியாக வந்த மிளகில்தான் வெனிஸ் கொழுத்தது. அப்படிப்பட்ட ஊரில், துருக்கிக் கப்பற்படை எங்கே நிற்கிறது, போப்பாண்டவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது, எந்தத் துறைமுகத்தில் என்ன விலை என்பதை ஒருநாள் முன்னால் தெரிந்துகொண்டவன் பிழைத்தான். ரியால்டோ பாலத்தடிச் சந்தையில் காலையில் கூடுகிற வியாபாரிகளின் முதல் கேள்வியே “என்ன சேதி?” தான். ஷேக்ஸ்பியர்கூட ‘ரியால்டோவில் என்ன சேதி?’ என்று ஒரு வசனம் வைத்தார்.

இந்தப் பசிக்குத் தீனி போட ஒரு தொழில் கிளம்பியது. கடிதங்களிலிருந்தும் மாலுமிகளின் வாயிலிருந்தும் சேதி திரட்டி, கையால் எழுதி, பல நகல் எடுத்து, தபால் கிளம்பும் நாளுக்கு முன்னால் விற்பார்கள். இதற்கு ‘அவ்வீசி’ என்று பெயர். தலைப்பு கிடையாது, எழுதியவன் பெயர் கிடையாது. கான்ஸ்டான்டிநோபிள், இன்ன தேதி. ஆன்ட்வெர்ப், இன்ன தேதி. அதற்குக் கீழே நாலு வரி. பெயர் போடாததற்குக் காரணம் இருந்தது. 1572இல் போப் ஐந்தாம் பயஸ் இந்த மாதிரிச் செய்தித்தாள் எழுதுவதையே தடைசெய்து ஆணை போட்டார். தடைபோட்டால் விலைதான் ஏறும் என்பது ரோமுக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் போட்டார்.

இந்தத் தாளைப் படிக்கவோ, யாராவது படிக்கக் கேட்கவோ ஒரு கஸெத்தா கொடுக்க வேண்டியிருந்தது, அதனால் தாளுக்கே காசின் பெயர் ஒட்டிக்கொண்டது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இன்னொரு கட்சியும் உண்டு. இத்தாலிய மொழியில் ‘கஸ்ஸா’ என்றால் ஓயாமல் கத்துகிற ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை, காக்கைக்கு உறவு. வம்பளக்கிற தாள் என்பதால் ‘குட்டி வாயாடிப் பறவை’ என்று பெயர் வந்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என் ஓட்டு காசுக்குத்தான். விலையே பெயராவது நமக்குப் பழகின சங்கதி, காலணாப் பத்திரிகை என்று சொன்ன தலைமுறை நம் வீடுகளில் இருந்திருக்கிறது.

பறவைக் கட்சிக்காரர்களுக்கும் ஒரு பிடி இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆரம்ப காலத்தில் இந்தச் சொல்லுக்கு மரியாதையே கிடையாது. லண்டனில் பிறந்த இத்தாலியக்காரர் மகன் ஜான் ஃப்ளோரியோ 1598இல் போட்ட இத்தாலிய ஆங்கில அகராதியில் இதற்குக் கொடுத்த பொருளைத் தமிழில் சொன்னால், ஓடுகிற சேதி, வெட்டித் தகவல், ரோமிலிருந்தும் வெனிஸிலிருந்தும் தினம் எழுதி வருகிற கட்டுக்கதை என்று வரும். இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சிரித்தேன். என் பெயரை மெய் என்று நிரூபிக்க நான் எதில் போட வேண்டுமோ அதன் முதல் ஆங்கில விளக்கமே புரளி.

புரளித்தாளுக்கு அரசாங்கத் தாள் என்ற அந்தஸ்து வந்தது முதலில் பாரிஸில். தியோபிராஸ்த் ரெனோதோ என்ற மருத்துவர் (ஆமாம், இங்கேயும் ஒரு டாக்டர்) 1631 மே மாதம் ‘லா கஸெத்’ என்ற வார இதழைத் தொடங்கினார். பின்னால் நின்றவர் முதலமைச்சராக இருந்த கார்டினல் ரிஷெலியூ. மன்னர் பதின்மூன்றாம் லூயியே அதற்குச் சேதி எழுதிக் கொடுத்ததுண்டு. அரசரே நிருபர் என்றால் பத்திரிகை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த வழக்கம் எவ்வளவு ஊறிப்போனது என்றால், 1789 ஜூலை 14 அன்று பிரெஞ்சுப் புரட்சியில் பாஸ்தீல் கோட்டை விழுந்து ஐரோப்பாவே அதிர்ந்தபோது இந்தத் தாள் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. அரசாணைகளை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தது.

ஆங்கிலேயர்கள் கதை வேறு. 1665இல் லண்டனில் பிளேக். மன்னர் இரண்டாம் சார்லஸ் பரிவாரத்தோடு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டார். லண்டனிலிருந்து வருகிற செய்தித்தாளைத் தொடவே அரசவையினருக்குப் பயம், தாளோடு நோயும் வந்துவிடுமோ என்று. (கொரோனா முதல் அலையில் பேப்பர்காரரை நிறுத்திவிட்டு, போட்டிருந்த பேப்பரையும் வெயிலில் காயவைத்த நான் இதைப் படித்துச் சிரிக்க முடியாது.) அதனால் 1665 நவம்பரில் அங்கேயே ‘ஆக்ஸ்ஃபோர்டு கெஜட்’ அச்சானது. கடற்படை அலுவலக அதிகாரி சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில், பார்க்க அழகாக இருக்கிறது, செய்தி நிறைய, அசட்டுத்தனம் இல்லை என்று குறித்தார். 24ஆவது இதழிலிருந்து, 1666 பிப்ரவரியில், அதுவே ‘லண்டன் கெஜட்’. அதே செப்டம்பரில் லண்டன் மாநகரமே எரிந்தது, அச்சகமும் போனது. அடுத்து வந்த இதழ், நகரத்தில் நேர்ந்த ஒரு வருந்தத்தக்க தீ விபத்தால் இந்தத் தாளின் வழக்கமான வெளியீடு தடைப்பட்டது என்று தொடங்குகிறது. நாலைந்து நாள் எரிந்து பதின்மூவாயிரம் வீடு போயிருக்கிறது, தாளுக்கு முதலில் வருவது தன் தாமதத்துக்கான விளக்கம். அரசாங்கக் காகிதத்தின் குரல் அன்றைக்கே பிறந்துவிட்டது என்று தோன்றியது எனக்கு.

அந்த லண்டன் கெஜட் இன்றும் வருகிறது. தலைப்புக்கடியில் ‘அதிகாரத்தின்படி வெளியிடப்படுவது’ என்ற பொருளில் ஒரு வரி. பட்டாளத்தில் அதிகாரி நியமனம், பதவி உயர்வு எல்லாம் அதில்தான் அறிவிக்கப்படும். அதனால் பெயர்ச்சொல்லாக இருந்தது வினைச்சொல்லாகவும் ஆனது. ஒருவர் ‘கெஜட் ஆனார்’ என்றால் பதவி வந்தது என்று பொருள். வேடிக்கை என்னவென்றால் திவாலானவர்களின் பெயரும் அதே தாளில்தான் வரும். ஆகவே ‘அவர் பெயர் கெஜட்டில் வந்துவிட்டது’ என்று லண்டனில் யாராவது சொன்னால் கைகொடுப்பதா துக்கம் விசாரிப்பதா என்று ஆளைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். நம் ஊரில் அந்த இரண்டாவது சமாச்சாரத்துக்கு மஞ்சள் கடுதாசி என்று தனியாக நிறமே கொடுத்துவிட்டோம், குழப்பம் இல்லை.

பதவி உயர்வு என்ற அந்த அர்த்தம்தான் கப்பலேறி இங்கே வந்து மாட்டாஸ்பத்திரி வரைக்கும் போனது. நியமனம் அரசிதழில் வெளியான அதிகாரி, ஆகவே அவர் சொன்னால் நகல் அசலாகும்.

இடையில் இந்தச் சொல் போட்ட ஒரு குட்டியையும் சொல்லியாக வேண்டும். கெஜட் எழுதுகிறவரை ‘கெஜட்டியர்’ என்றார்கள். 1690களில் லாரன்ஸ் எச்சார்ட் என்பவர், செய்திகளில் வருகிற வெளிநாட்டு ஊர்ப்பெயர்கள் புரியாமல் முழிப்பவர்களுக்காக, ஊர்களை அகர வரிசையில் அடுக்கி ‘கெஜட்டியருக்கான விளக்கம்’ என்ற மாதிரித் தலைப்பில் ஒரு கையேடு போட்டார். தலைப்பில் பாதி உதிர்ந்து, நிருபரைக் குறித்த சொல் ஊர் விவரப் புத்தகத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. டபிள்யூ. ஃபிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட கெஜட்டியர் 1906இல் வந்தது, நீலகிரி 1908இல், எச்.ஆர். பேட் எழுதிய திருநெல்வேலி 1917இல். ஊர் வரலாறு எழுதுகிற எவரும் இன்றும் அந்தக் கனத்த புத்தகங்களிலிருந்துதான் மேற்கோள் எடுக்கிறார்கள். வெனிஸ் அரைக்காசுக்குத் தெரியுமா தாமிரபரணிக் கால்வாய்க் கணக்கு தன் பெயரில் பதிவாகும் என்று.

தமிழில் நாம் இதை எப்படி எடுத்துக்கொண்டோம் என்பதும் சுவாரசியம்தான். பேச்சில் கெஜட், எழுத்தில் அரசிதழ். இலங்கையில் ‘வர்த்தமானி’. அங்கே பிரிட்டிஷ் அரசின் முதல் வர்த்தமானி 1802 மார்ச் 15 அன்று வெளியானது, இன்றைக்கும் கொழும்பில் ஒரு நெருக்கடி என்றால் ‘அதிவிசேட வர்த்தமானி’ என்ற சொற்றொடர் செய்தியில் வராமல் இருக்காது. எனக்கு அந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது. பழைய கடிதங்களில் ‘இவ்விடத்து வர்த்தமானம்’ என்று எழுதுவார்களே, நலம், சேதி என்ற அர்த்தத்தில், அந்த வேர். யாழ்ப்பாணத்தில் நெடுநாள் இருந்துவிட்டுச் சென்னைக்கு வந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1855இல் தொடங்கிய பத்திரிகைக்குப் பெயரே ‘தினவர்த்தமானி’. அதில் செய்தியின் வாசனை இருக்கிறது. அரசிதழ் என்பதில் அரசு மட்டும்தான் இருக்கிறது. வேறு சில மொழிக்காரர்களுக்கு இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் அரசு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ரஷ்யாவிலும் போலந்திலும் ‘கஸேத்தா’ என்றால் சாதாரண தினசரிப் பேப்பர். இத்தாலியில் 1896இல் தொடங்கிய விளையாட்டுப் பத்திரிகை ‘கஸெத்தா தெல்லோ ஸ்போர்ட்’ இளஞ்சிவப்புத் தாளில் வருகிறது. 1909இல் அவர்கள் தொடங்கிய ஜிரோ தித்தாலியா சைக்கிள் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கு 1931இலிருந்து இளஞ்சிவப்புச் சட்டை, காரணம் அந்தத் தாளின் நிறம்.

இங்கே நமக்கோ கெஜட் என்றால் விளையாட்டில்லை. காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னது 2007 பிப்ரவரி 5. அது மத்திய அரசிதழில் வெளியானது 2013 பிப்ரவரி 19. ஆறு வருஷம் தீர்ப்பு இருந்தது, ஆனால் இல்லை. வழக்கு மேல் வழக்காகி, உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகுதான் அச்சில் ஏறியது. அந்த நாளில் தஞ்சாவூர்ப் பக்கம் பட்டாசு வெடித்தவர்கள், வாழ்க்கையில் அதற்கு முன்னால் அரசிதழ் ஒன்றைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். டெல்டாவில் டீக்கடைக்கு டீக்கடை ‘கெஜட்ல வந்துடுச்சு’ என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, தண்ணீரே வந்துவிட்ட மாதிரி.

என் கதைக்கு வருகிறேன். விண்ணப்பம் வாங்கி, போட்டோ ஒட்டி, சான்றொப்பத்துக்கு நிற்கும்போது யோசித்தேன், கெஜட்டில் பெயர் வர கெஜட்டில் பெயர் வந்தவர் கையெழுத்து வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் நிறைய இடத்தில் நம் நகலுக்கு நாமே கையெழுத்துப் போட்டால் போதும் என்றாகிவிட்டது, இதற்கு அது செல்லாதாம். பழைய மாட்டு டாக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். வேறு ஒருவர் போட்டுக் கொடுத்தார், பச்சை மைதான். பணம் கட்டி அனுப்பி, ஒரு புதன்கிழமை இதழில் வந்தது. ஆறாம் பாகம், நான்காம் பிரிவு, பெயர் மாற்றங்கள். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக ஜனங்கள். இன்னார் மகன், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், குடியிருக்கும் முகவரி, இனி இன்னவாறு அழைக்கப்படுவார். சோசியர் சொல்லி இரண்டு ‘ஏ’ சேர்த்துக்கொண்டவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றினவர்கள், விவாகரத்துக்குப் பிறகு அதைத் திரும்ப வாங்கினவர்கள், மதம் மாறினவர்கள், இரண்டு வயதுக் குழந்தைக்கு முதல் பெயர் பிடிக்காமல் போனவர்கள். நடுவில் நான், ஒரே ஒரு எழுத்துக்காக.

தாளைத் திருப்பி முகப்பைப் பார்த்தேன். மேலே தமிழ் வருஷப் பெயர், திருவள்ளுவர் ஆண்டு, லண்டன் தாளில் இருக்கிற அதே ‘அதிகாரத்தின்படி’ வரி. வலது மூலையில் சின்னதாக விலை, பைசா வரைக்கும் துல்லியமாக. யாரும் கடையில் போய் வாங்கப் போவதில்லை, ஆனாலும் விலை போடாமல் விடவில்லை.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு என் வரியைத் தேடிப் படித்தாள், விரலால் மூலையிலிருந்த விலையைத் தொட்டாள். “இது எதுக்கு?”

“இந்தத் தாளைப் படிக்கிறதுக்குக் காசும்மா.”

“உன் பேரை நீ படிக்கிறதுக்குக் காசு வேற கேக்குறானா?” என்றாள்.